ஒரு ஸ்பேஸ் விழுந்ததில் ஃபோல்டரே காலி: டெர்மினலை ஏன் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்?

பனித்துளி

வணக்கம். பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து, பக்கவாரியாகப் பெயர் வைத்து அடுக்குவது என் வேலை. இத்தனை நாளும் எல்லாமே மௌஸில்தான் ஓடியது. இரண்டு மாதத்துக்கு முன்பு ஃபைல்களை ஒரு லினக்ஸ் சர்வருக்கு மாற்றிவிட்டார்கள். அதில் டெஸ்க்டாப் கிடையாது, ஐகான் கிடையாது. எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே போனால் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். இதுதான் டெர்மினல், எல்லாவற்றையும் கமாண்டாக டைப் செய்ய வேண்டும்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்கேனர் விட்டுவைத்த தற்காலிக ஃபைல்கள் நிறையச் சேர்ந்திருந்தன. எல்லாம் .டெம்ப் என்று முடியும். அவற்றை அழிக்க "ஆர்எம் *.டெம்ப்" என்று அடிக்க வேண்டும் (நட்சத்திரம் என்றால் எந்தப் பெயரானாலும் என்று பொருள்). நான் அடித்ததில் நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. (கமாண்டுகளைச் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன்.) என்டர் தட்டியதும் ஒரே ஒரு வரி வந்தது: ".டெம்ப் என்று ஃபைல் எதுவும் இல்லை." சரி, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தேன். ஃபைல் பட்டியலைக் காட்டும் எல்எஸ் போட்டுப் பார்த்தால் ஃபோல்டர் காலி. 412 பக்கங்கள். கை நடுங்கிவிட்டது.

முந்தின இரவு எடுத்த பேக்கப் இருந்தது. அன்று காலையில் செய்த 60 பக்கங்கள் மட்டும் போயின. அவற்றை மறுபடி ஸ்கேன் செய்து முடித்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. மௌஸில் அழித்திருந்தால் "இத்தனை ஃபைலை அழிக்கவா?" என்று கேட்டிருக்கும், அழித்தாலும் குப்பைத்தொட்டியில் கிடந்திருக்கும். இங்கே கேள்வியும் இல்லை, தொட்டியும் இல்லை. வேலை முடிந்தால் "முடிந்தது" என்றுகூடச் சொல்வதில்லை. கமாண்டின் பெயரோ இரண்டு எழுத்து.

என் கேள்வி இதுதான். ஐகானும் மௌஸுமாக வரைகலை வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் இந்தப் பழைய முறையை ஏன் வைத்திருக்கிறார்கள்? இதைக் கற்றுக்கொள்ள நான் செலவழிக்கும் நேரத்துக்குப் பலன் உண்டா? பயமில்லாமல் வேலை செய்ய என்ன வழி?

இரவுக்காவல்

19 வருஷமாகச் சர்வர்களோடுதான் இருக்கிறேன். உங்கள் 60 பக்கம் போனதைப் படித்தபோது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. முதலில் அந்த ஸ்பேஸைப் பார்த்துவிடுவோம், உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

நட்சத்திரத்தை விரிப்பது ஆர்எம் அல்ல, ஷெல். அதாவது நாம் டைப் செய்யும் வரியை வாங்கிக் கமாண்டுகளை ஓட்டும் புரோகிராம். நீங்கள் என்டர் தட்டியதும் ஷெல் அந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஃபோல்டரில் இருக்கும் அத்தனை பெயர்களையும் எழுதி ஆர்எம்மிடம் கொடுத்தது. ஆர்எம் நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை. அதற்கு வந்தது ஒரு நீளமான பட்டியல், கடைசியில் ".டெம்ப்" என்று ஒரு பெயர். பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் அழித்துவிட்டு, கடைசிப் பெயரில் ஃபைல் இல்லையே என்று முறையிட்டது. உங்கள் கண்ணில் பட்டது அந்த முறையீடு மட்டும்தான்.

இப்போது மௌஸில் இதே வேலையை எப்படிச் செய்திருப்பீர்கள் என்று யோசியுங்கள். முதலில் ஃபைல்களைத் தேர்ந்தெடுப்பீர்கள். அவை நீலமாக மாறும். தப்பாக எல்லாம் நீலமாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியும், கை நின்றுவிடும். அதற்கு அப்புறம்தான் டிலீட். அதாவது பொருள் முதலில், செயல் கடைசியில். டெர்மினலில் இது தலைகீழ்: "ஆர்எம்" என்ற செயல் முதலில் வந்து நிற்கிறது, எதை என்பது பின்னால் வருகிறது, அதுவும் என்டர் தட்டும்வரை கண்ணுக்குத் தெரியாமல். என்னைக் கேட்டால் இரண்டு முறைக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். ஐகான், வண்ணம் எல்லாம் இதற்கு அப்புறம்.

தமிழ் பேசுகிற நமக்கு இது இன்னும் உறுத்தும். நாம் "இந்த ஃபைலை அழி" என்போம். பொருள் முன்னால், வினை கடைசியில். "அழி இந்த ஃபைலை" என்று யாரும் இயல்பாகச் சொல்வதில்லை. வரைகலையின் வரிசை நம் வாக்கிய வரிசை. கமாண்டின் வரிசை ஆங்கில ஏவல் வாக்கியத்தின் வரிசை.

அதனால் நான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பழக்கம் இது. அழிக்கப் போகிறீர்களா? முதலில் "எல்எஸ் *.டெம்ப்" போடுங்கள். வரும் பட்டியலைப் படியுங்கள். அது நீங்கள் நினைத்த பட்டியல்தான் என்றால், மேல் அம்புக்குறியைத் தட்டி அதே வரியைத் திரும்ப வரவழைத்து, முன்னால் இருக்கும் எல்எஸ்ஸை மட்டும் ஆர்எம்மாக மாற்றுங்கள். மீதியைத் தொடாதீர்கள், மறுபடி டைப் செய்யாதீர்கள். பொருளைப் பார்த்துவிட்டு வினையைக் கடைசியாகச் சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான். அன்றைக்கு எல்எஸ் போட்டிருந்தால் 412 பெயர்களும் திரையில் ஓடியிருக்கும்.

இதோடு "ஆர்எம் -ஐ" என்பதில் பெரிய எழுத்து ஐ போட்டால், மூன்றுக்கு மேல் ஃபைல் இருக்கும்போது ஒரே ஒரு முறை கேட்கும். சின்ன ஐ ஒவ்வொரு ஃபைலுக்கும் கேட்கும். அதை நான் சொல்லமாட்டேன். பத்து முறை "ஆமாம்" சொன்ன கை பதினோராவது முறையும் படிக்காமலே ஆமாம் சொல்லும். உங்கள் ஷெல் பாஷ் என்ற வகையாக இருக்கும். இசட்ஷெல் என்ற இன்னொரு வகையாக இருந்தால், ஆர்எம்முக்குப் பக்கத்தில் வெறும் நட்சத்திரத்தைக் கண்டதும் தானே நின்று கேட்கும்.

அப்புறம் "பழைய முறை" என்றீர்கள். இங்கே ஒரு திருத்தம். டக்ளஸ் எங்கல்பார்ட் மௌஸை வைத்து ஒரு பெரிய அரங்கில் செய்துகாட்டியது 1968 டிசம்பர் 9. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸைத் தொடங்கியது 1969. யூனிக்ஸைவிட மௌஸ்தான் மூத்தது. ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் ஆல்டோ என்ற வரைகலைக் கணினி உயிர்பெற்றது 1973. ஒரு கமாண்ட் தருவதை அடுத்த கமாண்டுக்கு அனுப்பும் பைப் யூனிக்ஸில் வந்ததும் அதே 1973. இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள். வரைகலை பல வீடுகளுக்குப் போய்ச் சேர 1984இல் மெக்கின்டாஷும் 1985இல் விண்டோஸும் வர வேண்டியிருந்தது. அதனால்தான் ஒன்று பழசு, இன்னொன்று புதுசு என்று தோன்றுகிறது.

கமாண்டுகள் ஏன் இரண்டு எழுத்து, ஏன் ஊமை என்பதற்கும் காரணம் உண்டு. யூனிக்ஸை எழுதியவர்கள் உட்கார்ந்தது திரைக்கு முன்னால் அல்ல, டெலிடைப் என்ற அச்சு இயந்திரத்துக்கு முன்னால். அதில் மாடல் 33 என்ற வகை நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும், காகிதத்தில். விசையை அழுத்துவதே விரலுக்கு வலி. 80 எழுத்து வர 8 நொடி. "உங்கள் வேலை வெற்றிகரமாக முடிந்தது" என்று ஒவ்வொரு தடவையும் அச்சாகிக்கொண்டிருந்தால் யார் காத்திருப்பது? தப்பு நடந்தால் மட்டும் வாயைத் திற என்று வைத்தார்கள். லினக்ஸில் இன்றைக்கும் டெர்மினலுக்கு உள்ளே இருக்கும் பெயர் டிடிஒய், அது டெலிடைப்பின் சுருக்கம்தான்.

காகிதம் போன பிறகும் அந்த மௌனம் ஏன் தங்கியது என்றால், பைப் இருப்பதால். ஒரு கமாண்ட் பேசுவதெல்லாம் அடுத்த கமாண்டின் காதுக்குப் போகிறது. நடுவில் "முடிந்தது" என்று சொன்னால் அடுத்தது அதையும் ஒரு ஃபைல் பெயராக எடுத்துக்கொள்ளும்.

இனி பலன் உண்டா என்ற கேள்வி. உங்கள் வேலையிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். பக்கங்களுக்கு "தொகுதி03_பக்கம்112" என்கிற மாதிரி பெயர் வைப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தொகுதியில் எத்தனை பக்கம் ஏறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். மௌஸில் ஒவ்வொரு தொகுதியாகத் தேடி, தேர்ந்தெடுத்து, கீழே தெரியும் எண்ணிக்கையைத் தாளில் குறிக்க வேண்டும். டெர்மினலில் இந்த ஒரு வரி (நடுவே நிற்கும் நெடுங்கோடுதான் பைப்):

எல்எஸ் | கட் -டி _ -எஃப் 1 | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்

இதைத் தமிழில் வாசியுங்கள்: பெயர்களை எடுத்து, அடிக்கோடு வரை வெட்டி, வரிசைப்படுத்தி, ஒரே மாதிரி இருப்பவற்றை எண்ணி, எண்ணிக்கைப்படி அடுக்கு. எடுத்து, வெட்டி, வரிசைப்படுத்தி, எண்ணி என்று வினையெச்சமாகப் போய்க் கடைசியில் ஒரு முற்று. பொருள் முதலில் நிற்கிறது, வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தனிக் கமாண்ட் ஆங்கில வாக்கியம் என்றால் பைப் தமிழ் வாக்கியம். இதை உணர்ந்த நாளிலிருந்து நீளமான பைப்களை எழுத எனக்குத் தயக்கமே வந்ததில்லை. முதலில் தமிழில் சொல்லிப்பார்ப்பேன், ஒவ்வொரு எச்சத்துக்கும் ஒரு கமாண்ட் தேடுவேன்.

மொத்தத்தையும் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள். எல்எஸ் மட்டும் போட்டுப் பாருங்கள். அப்புறம் மேல் அம்புக்குறி, கட் சேருங்கள், பாருங்கள். இப்படி ஒவ்வொரு படியிலும் கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம். யூனிக்குக்கு முன்னால் சார்ட் எதற்கு என்றால், யூனிக் பக்கத்துப் பக்கத்து வரிகளை மட்டுமே ஒப்பிடும். கலைந்து கிடந்தால் ஒரே பெயரை நாலு தடவை தனித்தனியாக எண்ணிவிடும். எல்எஸ் எப்படியும் வரிசையாகத்தானே தருகிறது என்று கேட்பீர்கள். தரும். ஆனால் பழக்கத்தை விடாமல் போட்டுவிடுங்கள்.

அந்த வரியை ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் அதுதான் ஸ்கிரிப்ட். நாளைக்கும் அடுத்த வருஷமும் அதே வேலையைச் செய்யும். உங்களுக்குப் பின்னால் வருபவரிடம் அப்படியே கொடுக்கலாம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சியாகவும் இருக்கும். கிளிக்குக்குச் சாட்சி இல்லை. இதில் எனக்கு ஒரு வலி உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் 11 சர்வர்களில் பேக்கப் அமைப்பை வரைகலைத் திரையில் ஒவ்வொன்றாக டிக் செய்து போட்டேன். ஒன்பதாவதில் ஒரு பெட்டியை டிக் செய்ய விட்டுவிட்டேன். அது நாலு மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் அந்த சர்வரின் டிஸ்க் போனது, பேக்கப் இல்லை. எந்த இடத்தில் தவறினேன் என்று திரும்பிப் பார்க்க என்னிடம் ஒரு வரிகூட இல்லை. அதற்கு அப்புறம் ஒன்றுக்கு மேற்பட்ட மெஷினில் செய்யும் எதையும் நான் கையால் கிளிக் செய்வதில்லை.

வண்ணக்கலவை

மேலே சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பனித்துளி இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் டெர்மினலுக்கு மாற்றக் கிளம்பிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

நான் வீடியோவுக்கு வண்ணம் சரிசெய்பவள். ஒரு முகத்தின் நிழலில் பச்சை சற்று ஏறியிருக்கிறது, அதைக் குறைக்க வேண்டும். எவ்வளவு? எனக்கே தெரியாது. ஸ்லைடரை இழுத்துக்கொண்டே போவேன், தோல் உயிரோடு தெரியும் இடத்தில் கை நிற்கும். அந்த எண் 0.83 என்பது நிறுத்திய பிறகுதான் தெரியும். முன்கூட்டியே சொல்லத் தெரியாத ஒன்றைக் கமாண்டாக எழுத முடியாது. கமாண்டுக்கு, என்ன வேண்டும் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் கையும் கண்ணும் ஒன்றாக ஓடும் திரைதான் வேண்டும்.

இன்னொன்று, வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் வேலைகள். பிரிண்டர் சேர்ப்பது மாதிரி. அதற்கான கமாண்டை நினைவில் வைத்திருப்பது வீண். மெனுவைத் திறந்தால் பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிடும். பார்த்து அடையாளம் காண்பது சுலபம், ஒன்றுமில்லாத வெற்றிடத்திலிருந்து நினைவுக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

ஆனால் எல்லாம் முடிந்து 200 கிளிப்பையும் வேறு ஃபார்மட்டுக்கு மாற்றும்போது நானும் வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற கமாண்டைத்தான் போடுகிறேன். அதை ஓடவிட்டுவிட்டு எழுந்து போய்விடலாம்.

செவிவழி

எனக்குப் பார்வை இல்லை, திரைவாசிப்பான் வழியாகத்தான் கணினியைப் பயன்படுத்துகிறேன். "வரைகலை சுலபம்" என்று பொதுவாகச் சொல்லும்போது யாருக்கு என்று கேட்கத் தோன்றும். பெயர் வைக்காத ஐகான்கள் உள்ள ஒரு செயலியைத் திறந்தால் எனக்குக் கேட்பது "பட்டன், பட்டன், பட்டன்" என்பது மட்டும்தான். எந்த பட்டன் எதற்கு என்று எழுதியவருக்கு மட்டுமே தெரியும். டெர்மினலில் போவதும் வருவதும் எழுத்து. அது என் வாசிப்பானுக்கு நேராக வருகிறது.

டெர்மினலிலும் தொல்லை உண்டு. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதும் முன்னேற்றப் பட்டை வந்தால் காதில் எண்கள் கொட்டிக்கொண்டே இருக்கும். ஸ்பேஸ் விட்டு நெடுக்காக வரிசைப்படுத்திய பட்டியலில் எந்த எண் எந்தத் தலைப்புக்குக் கீழே என்று கேட்டால் புரியாது. ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் அந்தப் பட்டையை அணைக்க ஒரு ஆப்ஷன் வைத்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம்.

பனித்துளி கேட்ட மௌனத்தைப் பற்றி: எனக்கு அந்த மௌனம் பிடிக்கும். தப்பு என்றால் மட்டும் பேசும் கருவியோடு நாள் முழுக்க இருக்கலாம்.

பனித்துளி

எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக எல்எஸ், மேல் அம்புக்குறி, அப்புறம் ஆர்எம் என்றுதான் போகிறேன். இன்று காலை அதே தப்பை மறுபடி செய்தேன். அதே ஸ்பேஸ். ஆனால் எல்எஸ்ஸில் விழுந்ததால் பெயர்கள் ஓடின, அவ்வளவுதான், ஒரு பக்கம்கூடப் போகவில்லை.

இரவுக்காவல் அண்ணா, எண்ணும் வரியையும் போட்டேன். என் பெயர்கள் நீங்கள் ஊகித்த மாதிரியேதான். ஆனால் ஒரு குழப்பம். பட்டியலில் "தொகுதி03" இரண்டு வரியாக வருகிறது. ஒன்றில் 37, இன்னொன்றில் 144. எழுத்துக்கு எழுத்து பார்த்துவிட்டேன், ஸ்பேஸ்கூட இல்லை. சார்ட்டும் போட்டிருக்கிறேன். அதோடு டெர்மினலில் தமிழ் சரியாகவும் தெரியவில்லை, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று விலகி நிற்கிறது. பெயர் கெட்டுப்போயிருக்குமா?

இரவுக்காவல்

பெயர் கெடவில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் இரண்டு வெவ்வேறு விஷயங்களைப் பார்க்கிறீர்கள்.

விலகித் தெரிவது டெர்மினலின் கோளாறு. அது திரையைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு எழுத்து என்று வைக்கும். அந்த ஏற்பாடு ஆங்கிலத்துக்குச் சரி. "தமிழ்" என்று நாம் மூன்று எழுத்தாகப் பார்ப்பது யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 15 பைட்டுகள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் தெரியும், ஆனால் சேமிக்கப்படுவது எழுத்துக்குப் பின்னால். இதையெல்லாம் சேர்த்து அழகாக வரையும் வேலையைப் பல டெர்மினல்கள் செய்வதில்லை. ஃபைல் பெயர் உள்ளே ஒழுங்காகத்தான் இருக்கிறது.

இரண்டு வரியாக வருவதுதான் நிஜப் பிரச்சினை, அதைப் பிடித்தது நீங்கள்தான். "தொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். த-வுடன் ஒகரக் குறி ஒன்றே ஒன்று, இது 6 பைட். அல்லது த, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்றாக, இது 9 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சார்ட்டுக்கும் யூனிக்குக்கும் வேறு வேறு. அந்த 37 பக்கங்கள் வேறொரு மெஷினிலிருந்தோ, பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியோ வந்திருக்கலாம். மேக் கணினிகளின் பழைய ஃபைல் அமைப்பான ஹெச்எஃப்எஸ் பிளஸ்கூடப் பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். மௌஸில் பார்த்திருந்தால் இது உங்களுக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது, ஒரே பெயராகத்தான் தோன்றியிருக்கும். தேடல் பெட்டியில் 37ஓ 144ஓ ஏதோ ஒன்று வந்திருக்கும்.

சரிசெய்ய "கான்வ்எம்வி" என்று ஒரு கருவி உண்டு. சர்வரில் இல்லையென்றால் நிறுவச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் யூடிஎஃப்-8 என்று கொடுத்து, என்எஃப்சி என்ற ஆப்ஷனைச் சேர்த்தால், பிரிந்து கிடப்பவற்றைச் சேர்த்துவிடும். எனக்கு இந்தக் கருவியை மிகவும் பிடிக்க ஒரு காரணம் உண்டு: சும்மா ஓடவிட்டால் எதையும் மாற்றாது, என்னென்ன மாற்றப் போகிறது என்ற பட்டியலை மட்டும் காட்டும். பட்டியலைப் படித்து, சரி என்று பட்டால், "நோடெஸ்ட்" என்ற ஆப்ஷனைச் சேர்த்து மறுபடி ஓடவிட வேண்டும். அப்போதுதான் கை வைக்கும். எல்லாக் கருவியையும் இப்படி எழுதியிருந்தால் உங்கள் 60 பக்கம் போயிருக்காது.

இன்றைய பேக்கப் முடிந்த பிறகு செய்யுங்கள்.

பனித்துளி

செய்தேன். முதல் ஓட்டத்தில் 37 பெயர்கள் வந்தன, ஒவ்வொன்றாகப் படித்தேன். அதற்கு அப்புறம்தான் நோடெஸ்ட் சேர்த்தேன். இப்போது எண்ணும் வரியில் தொகுதி03 ஒரே வரியாக, 181 என்று வருகிறது. அட்டையில் எழுதியிருக்கும் பக்க எண்ணிக்கை 183. எந்த இரண்டு பக்கம் விட்டுப்போனது என்று தேட இன்னொரு பைப் எழுதிக்கொண்டிருக்கிறேன்.